அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கேள்வி

அண்ணா, எனக்கு வயது 31, சொந்த ஊர் கோயம்புத்தூர், ஐந்து வருடமாக அமெரிக்காவில் ஓஹாயோவில் வேலை. ஆகஸ்டில் ஆபீஸ் நண்பர் ஒருவர் ராலிகிராஸ் பார்க்கக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. பின்சக்கரம் இழுக்கும் பழைய கார் ஒன்றை வாங்கி, நானே தயார் செய்து, அடுத்த ஏப்ரலில் இறங்க வேண்டும். எல்லாம் சேர்த்து 4,500 டாலர்தான் ஒதுக்க முடியும். கராஜ் கிடையாது, வீட்டு முன்னால் இருக்கும் டிரைவ்வேதான் பட்டறை. டிரெய்லரும் கிடையாது, அதே காரில் போய் அதே காரில் திரும்ப வேண்டும். மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 1991 மாஸ்டா மியாட்டா, 2,800 டாலர், படம் இணைத்திருக்கிறேன். 1995 பி.எம்.டபிள்யூ 325ஐ, நாலு கதவு, மேனுவல் கியர், 2,200, கூலிங் எல்லாம் புதிதாகப் போட்டது என்கிறார் விற்பவர், வரும் சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான், போலீஸ் ஏலத்தில் வந்த 2008 ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, 1,900. நண்பர்கள் எல்லோரும் நாலு சக்கரமும் இழுக்கும் பழைய சுபாரு வாங்கு என்கிறார்கள். டிஃபை (இரண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை) வெல்டு பண்ணிவிடலாமா, பிற்பாடு டர்போ போடலாமா என்றும் யோசனை இருக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். அந்த 325ஐ-யை வாங்குங்கள், ஆனால் அடியில் படுத்துப் பார்த்த பிறகு. அடி சரியில்லை என்றால் யோசிக்காமல் கிரவுன் விக்டோரியாவுக்குப் போங்கள். மியாட்டா நல்ல கார், உங்களுக்கு இப்போது வேண்டாம். வெல்டு, டர்போ இரண்டும் வேண்டவே வேண்டாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். ராலிகிராஸ் என்றால் ஐரோப்பாவில் பாதி தார், பாதி மண் இருக்கும் சின்ன டிராக்கில் ஐந்தாறு கார் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடும் பந்தயம். இங்கிலாந்தில் லிட்டன் ஹில்லில் 1967 பிப்ரவரியில் தொடங்கியது. அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) நடத்தும் ராலிகிராஸ் வேறு சங்கதி. ஒரு வயலிலோ, கண்காட்சி மைதானத்திலோ, காலி மண் திடலிலோ ஆரஞ்சு கோன் நட்டுப் பாதை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு காராகத் தனியாக ஓடும், கடிகாரத்தோடுதான் போட்டி. கோன் ஒன்றைத் தட்டினால் 2 விநாடி சேரும், கோன்களுக்கு நடுவே நுழைந்து போக வேண்டிய கேட் ஒன்றைத் தவறவிட்டால் 10 விநாடி. ஒரு ஓட்டம் ஒரு நிமிடம், அதற்குக் கொஞ்சம் கூடக் குறைய, பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். வகுப்பு பிரிப்பதும் சுலபம்: வண்டியில் எவ்வளவு மாற்றம் செய்தீர்கள் என்பதை வைத்து ஸ்டாக், பிரிப்பேர்டு, மாடிஃபைடு, எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதை வைத்து முன், பின், நாலும். ஆகவே சுபாருக்காரர்கள் உங்களைவிட எத்தனை விநாடி வேகமாகப் போனாலும் உங்களுக்கு அது கணக்கில் வராது, உங்கள் போட்டி பின்சக்கரக்காரர்களோடு மட்டும்தான். நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள், சுபாரு பேச்சு அதோடு நின்றுவிடும்.

இதில் நீங்கள் மனசில் நிறுத்த வேண்டிய விதி ஒன்று இருக்கிறது, கார் தேர்வே அதை வைத்துத்தான். தார் மேல் நடக்கும் ஆட்டோகிராஸில் நாலு ஓட்டம் ஓடினால் நல்ல ஓட்டம் ஒன்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ராலிகிராஸில் அப்படியில்லை. ஆறு ஓட்டம் என்றால் ஆறையும் கூட்டுவார்கள். ஐந்து ஓட்டம் அபாரமாகப் போய் ஆறாவதில் ரேடியேட்டர் கொதித்து நின்றால் அன்றைய நாள் போச்சு. அதனால்தான் எந்தக் கார் வேகம் என்பதைவிட எந்தக் கார் சாயங்காலம் வரை உயிரோடு இருக்கும் என்பது இங்கே பெரிய கேள்வி. உங்களுக்கு அதே காரில் வீட்டுக்கும் திரும்ப வேண்டும், திங்கட்கிழமை வேலை வேறு இருக்கிறது.

எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது முதல் வருடத்திலேயே. பட்டறை வைத்திருக்கிறவன், கார் பார்க்கத் தெரிந்தவன், இருந்தும் ஒரு ஜப்பான் கூப்பேயின் பளபளப்பைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். மேலே புதுப் பெயின்ட், உள்ளே சுத்தமான சீட், எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. அன்றைக்கு மழை பெய்து தரை ஈரமாக இருந்தது, நல்ல பேன்ட் போட்டிருந்தேன், அடியில் படுக்கவில்லை. மூன்றாவது பந்தயத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்னால் 'படக்' என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி கோணலாக நடந்தது. பின் சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டியிருந்த இடத்தில் இரும்பே இல்லை. துருவின் மேல் ஃபைபர் மாவு தடவி, அதற்கு மேல் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தார்கள். நான் பார்க்காமல் விட்டது, யாரைச் சொல்லி என்ன? அந்த வண்டியைக் கட்டி இழுத்து வந்த செலவும், அப்புறம் எடைக்குப் போட்ட நஷ்டமும் இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் இருப்பது ஓஹாயோ. குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டும் ஊர். முப்பது வருடம் உப்பில் ஊறிய காரில் எஞ்சினைப் பார்ப்பது இரண்டாவது வேலை.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஒரு டார்ச், ஒரு பெரிய தட்டை ஸ்க்ரூடிரைவர், விரிக்க ஒரு பழைய அட்டைப்பெட்டி, இது போதும். ஜாக்கியும் இரண்டு ஜாக் ஸ்டாண்டும் எடுத்துப் போங்கள். வெறும் ஜாக்கியை நம்பி எந்தக் காருக்கு அடியிலும் தலையை விடாதீர்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங் டங்' என்று கேட்கும். துரு தின்ற இடம் வந்ததும் சத்தம் 'பொத்'தென்று அமுங்கும், அந்த இடத்தில் நுனியை வைத்துக் கொஞ்சம் அழுத்துங்கள். பெயின்ட் உரிந்து செம்பழுப்புத் தூள் மட்டும் விழுந்தால் மேல் துரு, பயமில்லை. நுனி உள்ளே இறங்கினால் டார்ச்சை அணைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அழுத்திப் பார்க்கக் கூடாது என்று சொல்கிறவரிடம் வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

சரி, உங்கள் மூன்று வண்டிக்கு வருவோம்.

மியாட்டாவை ஏன் வேண்டாம் என்றேன் என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் கடிதத்தில் அதைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அந்தக் கார் மேல் ஆசை உண்டு. 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன், கிட்டத்தட்ட ஒரு டன் எடைதான். மண்ணில் லேசான கார் சீக்கிரம் நிற்கும், சீக்கிரம் திரும்பும், டயரையும் பிரேக்கையும் தின்னாது. பின்சக்கர வகுப்பில் நன்றாக ஓடுகிற கார்களில் அதுவும் ஒன்று. ஆனால் இரண்டு சீட், கைப்பை அளவு டிக்கி. மண்ணில் ஓட்டுவதற்கு நாலு சக்கரம் தனியாக எடுத்துப் போக வேண்டுமே, டிரெய்லர் இல்லாமல் எதில் வைப்பீர்கள்? அடுத்தது, அது துணிக் கூரைக் கார். திறந்த கார்களுக்கு உருளல் பாதுகாப்பு விஷயத்தில் தனி விதிகள் உண்டு, ரோல் பார் போட வேண்டி வந்தால் அந்தச் செலவே உங்கள் பட்ஜெட்டைச் சாப்பிட்டுவிடும். மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் அனுப்பிய படத்தில் பின்சக்கர வளைவுக்கு முன்னால் பெயின்ட் கொப்புளம் மாதிரி உப்பியிருக்கிறது. மியாட்டாவில் கூரையில் விழும் தண்ணீர் இறங்கிப் போக சின்ன வடிகால் ஒன்று உண்டு, அதில் இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே எப்போதோ போய்விட்டது. 2,800 கேட்கிறார்கள், அதை வெட்டி வெல்டு பண்ண ஆயிரத்துக்கு மேல் ஆகும். அந்த ஆரம்ப வருட எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட் முனை பலவீனமானது என்பதும் தெரிந்த விஷயம், 1991 பாதி வரை வந்தவற்றில் முன் புல்லி ஆடுகிறதா என்று பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள்.

325ஐ பக்கம் வாருங்கள். அந்தத் தலைமுறைக்கு ஈ36 என்று பெயர். 2.5 லிட்டர், வரிசையில் ஆறு சிலிண்டர், 189 குதிரைத்திறன், மண்ணுக்கு இது தாராளம். இரண்டு கதவு கூப்பேக்களை டிரிஃப்ட் பையன்களும் டிராக் ஆட்களும் அள்ளிக்கொண்டு போய் விலையை ஏற்றிவிட்டார்கள், நாலு கதவை அவ்வளவாக யாரும் சீண்டுவதில்லை. அடியில் இருப்பது பெரும்பாலும் அதே சாமான்தான். அதனால் இந்த விலைக்குக் கிடைக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.7 மீட்டர், மியாட்டாவுக்கு 2.27 மீட்டர்தான். புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. குட்டைக் கார் வால் வீசினால் நீங்கள் உணர்வதற்குள் சுழன்று முடித்திருக்கும். நீளக் கார் வால் வீசும்போது 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வரும், அதைப் பிடிக்க உங்களுக்கு அரை விநாடி தரும். பின் சீட்டில் இரண்டு, டிக்கியில் இரண்டு என்று நாலு சக்கரமும், ஜாக்கியும், டூல்ஸ் பெட்டியும் வைத்துக்கொண்டு போகலாம். மூச்சு முட்டும், ஆனால் போகலாம்.

அதில் என்னென்ன போகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், தெரிந்த வியாதி நல்லது. அடியில் படுத்ததும் பின்சக்கரத்துக்கு முன்னால் டிரெய்லிங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நீளக் கை) புஷ் மாட்டும் குழியைப் பாருங்கள், அதைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். பின் சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் தனிச் சட்டம்) பாடியில் மாட்டும் மவுன்ட் நாலையும் அதே மாதிரி பாருங்கள். டிக்கிக்குள் கார்ப்பெட்டை ஒதுக்கி ஷாக் அப்சார்பர் மேல்பக்கம் மாட்டும் இடத்தையும் பாருங்கள். இந்த மூன்று இடத்துக்கும் பலப்படுத்தும் தகடு வெட்டித் தயாராகவே விற்கிறார்கள், விரிசல் இல்லாத காரில் முன்கூட்டியே வெல்டு செய்தால் சின்னச் செலவு. விரிசல் வந்துவிட்ட காரில் விலையைக் குறைத்துக் கேட்கலாம், துரு சேர்ந்த விரிசல் என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் கூலிங். இதுதான் அந்தக் காரின் உயிர்நிலை. ரேடியேட்டர் தொட்டி, அதில் ஹோஸ் மாட்டும் கழுத்து, தெர்மோஸ்டாட் கவர் எல்லாம் பிளாஸ்டிக், வயதானால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். வாட்டர் பம்ப்பின் உள் விசிறியும் அந்தக் காலத்தவற்றில் பல பிளாஸ்டிக்தான். பிளாக் இரும்பு, மேலே ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளையும், அதோடு கதை முடிந்தது. "கூலிங் எல்லாம் புதிதாகப் போட்டது" என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பில் இருந்தால் நம்புங்கள், இல்லையென்றால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு ரேடியேட்டர், உலோக விசிறி உள்ள வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், பெல்ட் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். டிரைவ்வேயில் ஒரு சனிக்கிழமை வேலை, பயப்பட வேண்டாம்.

இந்த எஞ்சினில் இன்னொரு சங்கதி உண்டு. ஆயில் பம்ப்பை ஓட்டும் பல்சக்கரத்தின் நட் தளர்ந்து கழன்றுவிடும், நட் போனால் ஆயில் பிரஷர் போகும், பிரஷர் போனால் எஞ்சினே போகும். லிமிட்டரில் (எஞ்சின் அளவுக்கு மேல் சுற்றாமல் தடுக்கும் எல்லையில்) மோதிக்கொண்டே ஓடும் வண்டிகளில்தான் இது அதிகம். ராலிகிராஸில் இரண்டாவது கியர் போதாமல், மூன்றாவது போட மனசில்லாமல், நேர்ப் பகுதியில் எஞ்சின் 'ப்ர்ர்ர்' என்று லிமிட்டரில் கத்தும், எல்லோரும் செய்கிறோம். நட்டைக் கம்பி போட்டுக் கட்ட வேண்டுமானால் ஆயில் பேனை இறக்க வேண்டும், அதற்கு முன் சப்ஃபிரேமைத் தளர்த்த வேண்டும், அது உங்களுக்கு இரண்டாவது வருட வேலை. அதுவரை லிமிட்டர் தொடுவதற்கு முன்னால் மூன்றாவது கியருக்கு மாறிப் பழகுங்கள்.

கிரவுன் விக்டோரியாவைப் பற்றி நீங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருந்தீர்கள். கூச்சப்படத் தேவையே இல்லாத கார். 4.6 லிட்டர் வி8, லாரி மாதிரி தனி சேஸிஸ் மேல் பாடி, பின்னால் ஒரே துண்டு ஆக்சில். நம் அப்பாக்கள் ஓட்டிய அம்பாசடரின் முரட்டுத்தனம் அப்படியே இருக்கும், ரிப்பேரும் அவ்வளவு நேரடியானது. 2003-க்குப் பின் வந்தவற்றில் சேஸிஸும் முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் நன்றாகவே மேம்பட்டன, உங்களுடையது 2008. போலீஸ் வண்டிகளுக்கு கூலிங்கும் சஸ்பென்ஷனும் கனமாகக் கொடுத்திருப்பார்கள். 2011 வரை தயாரிப்பில் இருந்ததால் சாமான் எந்த ஜங்க்யார்டிலும் கிடைக்கும். குறை இரண்டு: எடை 1,850 கிலோ பக்கம், கியர் ஆட்டோமேட்டிக். நெருக்கமாகக் கோன் வைத்த இடத்தில் அதைத் திருப்புவது பஸ்ஸைச் சந்தில் திருப்புகிற மாதிரி. கப் ஜெயிக்காது, ஆனால் நாள் முழுக்க ஓடும், வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். வாங்குவதென்றால் டிஃபில் லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைத் தடுக்கும் அமைப்பு) இருக்கிறதா என்று கதவு ஸ்டிக்கரில் உள்ள ஆக்சில் கோடை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டு விதமும் வந்திருக்கின்றன. போலீஸ் வண்டி மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே மைல் கணக்கை மட்டும் பார்க்காமல் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் பாருங்கள். அந்த வருட வண்டிகளில் மீட்டரிலேயே காட்டும்.

இப்போது டிஃப். சாதாரண டிஃபில் திருப்பத்தின் உள்பக்கச் சக்கரம் லேசாகிவிடும், சக்தி முழுக்க அந்த லேசான சக்கரத்துக்கே போய் அது சும்மா சுற்றி மண்ணை வாரி இறைக்கும், கார் நகராது. ஈரப் புல்லில் இதைப் பார்த்தால் அழுகையே வரும். அதனால்தான் வெல்டு யோசனை வருகிறது, பற்களை வெல்டு பண்ணி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து தள்ளும், செலவும் ஐம்பது நூறு டாலர்தான். டிரெய்லரில் கொண்டுபோகிற காருக்கு அது சரி. நீங்கள் அதே காரில் நூறு மைல் ரோட்டில் போக வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கிறீச்சிடும், மழையில் வால் தானாக நழுவும், ஆக்சில் ஷாஃப்ட் திணறும். வேண்டாம். முதல் வருடம் சாதாரண டிஃபோடு ஓட்டுங்கள். திருப்பத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக, கொஞ்சம் தாமதமாக மிதிக்கிற பழக்கம் அதில்தான் வரும், அந்தப் பழக்கம் அப்புறம் எந்தக் காரிலும் காப்பாற்றும். அடுத்த வருடம் ஜங்க்யார்டில் லிமிடெட் ஸ்லிப் டிஃப் கண்ணில் பட்டால், உங்கள் வகுப்பில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று ரூல்புக்கைப் பார்த்துவிட்டு வாங்கிப் போடுங்கள்.

இழுவைக்கு டிஃப் மட்டும் காரணமில்லை, பின்சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதும் காரணம். லிட்டன் ஹில்லின் அந்த முதல் பந்தயத்தை ஜெயித்த விக் எல்ஃபோர்டு ஓட்டியது போர்ஷே 911, எஞ்சினே பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கார். சேற்றில் அது பிடித்து நடந்ததில் ஆச்சரியம் இல்லை. இதே காரணத்தால்தான் சின்ன பிக்கப் டிரக் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் திணறுகிறார்கள், பின்னால் வெறும் தகரத் தொட்டி, எடையே இல்லை. ஈ36-இல் முன்பின் எடை கிட்டத்தட்டப் பாதிப் பாதி, அதுவும் உங்களுக்குச் சாதகம்.

பணத்தைப் பிரிக்கிற விதம் சொல்கிறேன், இது என் பட்டறைக் கணக்கு. காரை 2,000-க்குப் பேசி முடியுங்கள். கூலிங்குக்கு 350. ஷாக், புஷ், பலப்படுத்தும் தகடு எல்லாம் சேர்த்து 500, தகடு வெல்டிங்கைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஜங்க்யார்டில் 15 அங்குலச் சக்கரம் நாலு, அதில் ஒல்லியான பனி டயர், சேர்த்து 500. அகலமான டயர் மண்ணில் மிதக்கும். ஒல்லியான டயர் மேல் தூளைக் கிழித்துக்கொண்டு கீழே கெட்டித் தரையைப் பிடிக்கும், பனி டயரின் ஆழமான பற்கள் ஆரம்பத்துக்குப் போதும். ஸ்கிட் பிளேட் 150, தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள், அலுமினிய ஆயில் பேன் முன்னால் தாழ்வாகத் தொங்குகிறது, ஒரு கல் போதும். ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், பிரேக் பேடு 200. ஸ்னெல் (ஹெல்மெட் பாதுகாப்புச் சான்று) ஸ்டிக்கர் உள்ள ஹெல்மெட் 200. ஆக 3,900. மீதி 600-ஐத் தொடக் கூடாது. முதல் இரண்டு பந்தயத்துக்குள் ஏதாவது ஒன்று உடையும், அதற்குத்தான் அது. டர்போ, தாழ்த்துகிற ஸ்பிரிங், பெரிய சக்கரம் என்று யார் வந்து சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். மண்ணில் கார் உயரமாக, மெத்தென்று இருக்க வேண்டும், தாழ்ந்து விறைப்பாக இருக்கிற கார் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு இழுவையை இழக்கும்.

களத்தில் நடக்கிறதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், காரைத் தயார் செய்யும்போதே இது மனசில் இருக்கட்டும். காலையில் முதல் ஓட்டத்தில் தரை மேல் தூளாக, வழுக்கலாக இருக்கும். நாற்பது ஐம்பது கார் அதே வழியில் ஓடி ஓடி மதியத்துக்குள் திருப்பங்களில் பள்ளம் விழுந்துவிடும், சில இடத்தில் முழங்கால் மட்டம். பக்கவாட்டில் நழுவிக்கொண்டே வந்து அந்தப் பள்ளத்தின் சுவரில் டயர் முட்டினால் இரண்டு ஆபத்து. ஒன்று கார் சாய்வது. இன்னொன்று டயரின் விளிம்பு சக்கரத்திலிருந்து பிதுங்குவது. அப்படிப் பிதுங்கிய டயரைக் கழற்றிப் பார்த்தால் விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கைப்பிடிப் புல் சிக்கியிருக்கும், காற்று முழுக்க அதன் வழியாகப் போயிருக்கும். அதனால் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று யாராவது சொன்னாலும் 35 பி.எஸ்.ஐ. பக்கத்தில் வையுங்கள். காரில் ஓர் ஏர் பம்ப்பும் எடுத்துப் போங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். சேறு காய்ந்து ஒரு பக்கமாக அப்பியிருக்கும். என் முதல் பந்தயம் முடிந்து ஹைவேயில் 60 மைல் வேகம் தொட்டதும் ஸ்டியரிங் கையிலிருந்து பறிக்கிற மாதிரி உதறியது, ஏதோ பெரிதாக உடைந்துவிட்டது என்று ஓரம்கட்டி நிறுத்தினேன். இடது முன் சக்கரத்துக்குள் இரண்டு செங்கல் அளவுக்கு மண். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்ததும் கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. வீட்டுக்கு வந்தபின் அடியை நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், மண் தங்கிய இடத்தில்தான் அடுத்த வருடத் துரு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். சக்கர நட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் போட்டுச் சரிபாருங்கள். உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படியுங்கள், நேரம் பார்த்து ஓட்டும் போட்டியில் நடக்கும் சேதத்துக்குப் பல பாலிசிகள் பணம் தராது.

இன்னொன்று. ஏப்ரல் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஒரே காரை இரண்டு பேர் ஓட்ட அனுமதி உண்டு. அக்டோபரில் உங்கள் பக்கத்தில் பந்தயம் இருந்தால் அந்த ஆபீஸ் நண்பரிடமே கேளுங்கள், நுழைவுக் கட்டணத்தையும் டயர் செலவையும் பகிர்ந்துகொண்டு அவருடைய காரில் ஆறு ஓட்டம் ஓடிப் பாருங்கள். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு ஷிப்ட் களத்தில் நின்று விழுந்த கோனை எடுத்து நடும் வேலை செய்ய வேண்டும், அதை விரும்பிச் செய்யுங்கள். எந்தக் கார் எங்கே தடுமாறுகிறது, யார் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள் என்று பத்தடி தூரத்தில் நின்று பார்க்க வேறு வழி கிடையாது. கூடவே உங்கள் வட்டாரத்தில் ஈ36 ஓட்டுகிறவர் யாராவது கண்ணில் படுவார். பழைய சாமானை அவர் தூக்கிப் போடாமல் வீட்டில் வைத்திருப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

வரும் சனிக்கிழமை 325ஐ-யைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். விற்பவருக்கு இப்போதே ஒரு மெசேஜ் போடுங்கள், நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆறிய எஞ்சினில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் நிறத்தைப் பார்க்க முடியும், ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்க்க முடியும், ஸ்டார்ட் பண்ணியதும் சைலன்சரில் வருகிற முதல் புகையைப் பார்க்க முடியும். அப்புறம் இருபது நிமிடம் ஓட விட்டு, டெம்பரேச்சர் முள் நடுவில் வந்து நிற்கிறதா, அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். அந்த இருபது நிமிடம் முடிந்து எஞ்சினை நிறுத்திய பிறகு அட்டையை விரித்து அடியில் போங்கள். டிரெய்லிங் ஆர்ம் குழி இரண்டு, சப்ஃபிரேம் மவுன்ட் நாலு, இந்த ஆறு இடத்தையும் கிட்டத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால்.